இ. கே. ஜானகி அம்மாள்

இ. கே. ஜானகி அம்மாள் (எடவலத்து கக்கட்டு ஜானகி அம்மாள்; நவம்பர் 4, 1897 – பிப்ரவரி 7, 1984) இந்தியாவின் தொடக்ககால மரபியல் ஆய்வாளர்களுள் ஒருவர். தாவரங்களின் உயிரணுக்களில் உள்ள குரோமோசோம்களை எண்ணி, ஒப்பிட்டு, அவற்றின் வழியாகத் தாவரங்களின் உறவையும் வரலாற்றையும் அறியும் துறையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பணியாற்றினார். கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையம், லண்டன் ஜான் இன்னெஸ் தோட்டக்கலை நிறுவனம், இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைக் கழகம், இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகம், சென்னைப் பல்கலைக்கழகம் ஆகியவை அவர் பணிபுரிந்த இடங்களுள் முக்கியமானவை. இந்திய அரசு 1977ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

பிறப்பும் குடும்பமும்

ஜானகி அம்மாள் அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த தலைச்சேரியில் பிறந்தார். தந்தை திவான் பகதூர் இ. கே. கிருஷ்ணன் நீதித்துறையில் துணை நீதிபதியாக இருந்தவர். இயற்கையில் ஆர்வம் மிகுந்தவர். வீட்டைச் சுற்றித் தோட்டம் வளர்த்தார். அறிஞர்களுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். பறவைகளைக் குறித்தும் எழுதினார். தாயார் தேவி. உடன்பிறந்தோர் பலர் கொண்ட பெரிய குடும்பம் அது. செடிகளின் மீதான ஈடுபாடு ஜானகிக்கு வீட்டிலிருந்தே வந்தது.

குடும்பம் தீயர் சமூகத்தைச் சேர்ந்தது. அக்காலச் சாதி அடுக்கில் அச்சமூகம் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தது. சகோதரிகள் திருமணம் செய்துகொண்டு குடும்ப வாழ்வில் அமைந்தபோது ஜானகி மேற்படிப்பைத் தேர்ந்தெடுத்தார். இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அரிதாக இருந்த காலத்தில் இது எளிய முடிவன்று.

கல்வி

தலைச்சேரியில் பள்ளிக் கல்வியை முடித்த ஜானகி, சென்னைக்கு வந்து ராணி மேரி கல்லூரியில் பயின்றார். பெண்களுக்கென 1914ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அக்கல்லூரி அப்போதுதான் வேரூன்றிக் கொண்டிருந்தது. பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1921ஆம் ஆண்டு தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். அதன்பின் சென்னைப் பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசிய நாட்டுப் பெண்களுக்கென 1917ஆம் ஆண்டு பார்பர் கல்வி உதவித்தொகை ஏற்படுத்தப்பட்டிருந்தது. அதைப் பெற்று ஜானகி 1924ஆம் ஆண்டு அமெரிக்கா சென்றார். முதுகலைப் பட்டம் பெற்றபின் சென்னைக்குத் திரும்பி மீண்டும் கற்பித்தார். பிறகு மறுபடியும் மிச்சிகன் சென்று ஆய்வை முடித்து 1931ஆம் ஆண்டு அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். கத்தரி, தக்காளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த நிக்காண்ட்ரா என்னும் செடியின் குரோமோசோம்களே அவரது ஆய்வேட்டின் பொருள். அமெரிக்காவில் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என அவர் குறிப்பிடப்படுகிறார்.

ஜானகி பிறந்தபோது மரபியல் என்ற துறையே இல்லை. பட்டாணிச் செடிகளைக் கலப்புச் செய்து கிரிகோர் மெண்டல் 1866ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை கவனிப்பாரின்றிக் கிடந்தது. அது மீண்டும் கண்டெடுக்கப்பட்ட 1900ஆம் ஆண்டில் ஜானகிக்கு மூன்று வயது நிறையவில்லை. மரபியலுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை வில்லியம் பேட்சன் 1905ஆம் ஆண்டு சூட்டினார். எனவே ஜானகி படித்தது தம்மைவிட வயதில் இளைய ஓர் அறிவியலை.

குரோமோசோம்களை ஏன் எண்ண வேண்டும்?

ஜானகி அம்மாளின் பணியைப் புரிந்துகொள்ள, குரோமோசோம் எண்ணிக்கை எதைச் சொல்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகள் உள்ளன. உயிரணு பிரியும் வேளையில் அவை தடித்துக் குறுகி, சாயமேற்றினால் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். இவையே குரோமோசோம்கள். ஆய்வாளர்கள் பெரும்பாலும் வேர்நுனியையோ இளம் மகரந்தப் பையையோ எடுத்துப் பதப்படுத்தி, சாயமேற்றி, உயிரணு பிரியும் சரியான தருணத்தில் உள்ள உட்கருவைத் தேடி எண்ணுவார்கள். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். எண்ணிக்கை நூறைத் தாண்டும் செடிகளில் ஒரு முறை சரியாக எண்ணி முடிக்கவே பல நாள் பொறுமை தேவை.

ஓர் இனத்திற்குக் குரோமோசோம் எண்ணிக்கை பெரும்பாலும் மாறாதது. நெல்லுக்கு 24. செட்டிநாட்டுக் கவுனி அரிசியானாலும் பொன்னியானாலும் அதே 24தான். வெங்காயத்திற்கு 16, சோளத்திற்கு 20, தென்னைக்கு 32, நிலக்கடலைக்கு 40. குரோமோசோம்கள் இணை இணையாக இருக்கும். ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய்வழி வந்தது, மற்றொன்று தந்தைவழி வந்தது. மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும்போது இணைகள் பிரிந்து பாதியாகின்றன. கருவுறும்போது இரு பாதிகளும் சேர்ந்து பழைய எண்ணிக்கை திரும்புகிறது.

எண்ணிக்கை தெரிந்தால் கலப்பினம் பலிக்குமா என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். தென்மாவட்டங்களின் கரிசல் காட்டில் விளையும் கருங்கண்ணிப் பருத்திக்கு 26 குரோமோசோம்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பருத்தி வகைகளுக்கு 52. இரண்டையும் கலந்தால் பிறக்கும் செடிக்கு 13ம் 26ம் சேர்ந்து 39 வரும். அவற்றுள் பல துணையின்றித் தனித்து நிற்கும். கோலாட்டத்தில் ஒற்றைப்படையாக ஆள் நின்றால் ஆட்டம் குலைவதுபோல மகரந்தம் உருவாவது குலையும். செடி வளரும், விதை பிடிக்காது.

இயற்கையில் சில வேளைகளில் குரோமோசோம் தொகுதி இரண்டு மடங்கு என்ற அளவோடு நில்லாமல் மூன்று, நான்கு, ஆறு மடங்காகப் பெருகும். இதைப் பன்மடியம் என்பர். காட்டு வாழைக்கு 22 குரோமோசோம்கள். அதன் பழத்தில் கல்போன்ற விதைகள் நிறைந்திருக்கும். நாம் உண்ணும் பூவனும் ரஸ்தாளியும் மும்மடிய வகைகள், எண்ணிக்கை 33. சரியாக இணை சேர முடியாததால் விதை உருவாவதில்லை. ஆகவேதான் பழம் முழுவதும் சதையாகக் கிடைக்கிறது. கன்று நட்டு வளர்ப்பதற்கும் அதுவே காரணம்.

ஒரு பயிரின் எண்ணிக்கையை அதன் காட்டு உறவினங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், அது எந்தச் செடியிலிருந்து, எந்தப் பகுதியில், எத்தகைய கலப்பின் வழியாக வந்தது என்பதற்குத் தடயம் கிடைக்கும். ஜானகி அம்மாள் தம் வாழ்நாள் முழுவதும் பின்பற்றிய தடயம் இது.

கோயம்புத்தூரில் கரும்பு ஆய்வு

அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஜானகி அம்மாள் 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். 1934ஆம் ஆண்டு கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்து 1939 வரை அங்குப் பணியாற்றினார்.

அந்நிலையம் 1912ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கரும்பைக் கரணை நட்டே பயிரிடுகிறோம். புதிய வகை வேண்டுமென்றாலோ பூக்க வைத்து, மகரந்தம் சேர்த்து, விதை எடுக்க வேண்டும். வட இந்தியாவில் கரும்பு பூத்து முளைக்கும் விதை தருவது அரிது. கோயம்புத்தூரின் தட்பவெப்பம் அதற்கு ஏற்றதாக இருந்ததால் நிலையம் அங்கு அமைந்தது. சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பர் அதன் முதல் தலைவர். அவருடன் பணியாற்றித் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் தி. சு. வேங்கடராமன்.

கரும்பில் இரண்டு இனங்கள் இக்கதைக்கு முக்கியமானவை. ஒன்று தடித்த, சாறு மிகுந்த, இனிப்பான சக்காரம் ஆஃபிசினேரம். கடித்துச் சுவைக்கும் தடித்த கரும்புகள் பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்தவை. இதன் குரோமோசோம் எண்ணிக்கை 80. மற்றொன்று ஆற்றங்கரைகளிலும் வாய்க்கால் மேடுகளிலும் தானே வளர்ந்து வெண்ணிறப் பூக்கதிர் விடும் காட்டுக் கரும்பு, சக்காரம் ஸ்பான்டேனியம். தமிழில் நாணல் என்றும் பேய்க்கரும்பு என்றும் வழங்குவது. இதில் சாறும் இனிப்பும் மிகக் குறைவு. ஆனால் வறட்சியையும் குளிரையும் நோயையும் தாங்கும் ஆற்றல் மிகுதி. தடித்த கரும்பில் இனிப்பு இருந்தது, உறுதி இல்லை. நாணலில் உறுதி இருந்தது, இனிப்பு இல்லை. இரண்டையும் சேர்ப்பதே வழி என இனப்பெருக்க வல்லுநர்கள் கண்டனர். 'வெள்ளை' என்னும் கரும்பையும் நாணலையும் கலந்து கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட கோ 205 என்னும் வகை 1918ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது.

இந்தக் கலப்பில் ஒரு விந்தை இருந்தது. தாயிடமிருந்து 40, கோயம்புத்தூர் நாணலிடமிருந்து 32, ஆக 72 வரவேண்டும். எண்ணிப் பார்த்தால் 112 இருந்தது. தடித்த கரும்பு தாயாக இருக்கும்போது தன் 80 குரோமோசோம்களையும் பாதியாக்காமல் முழுமையாகக் கொடுத்துவிடுகிறது என்பதை ஜாவாவில் பணியாற்றிய டச்சு ஆய்வாளர் பிரெமர் கண்டறிந்தார். கரும்பின் கணக்கு பள்ளிக்கூடத்துப் பட்டாணிக் கணக்கைப் போல நேரானதன்று. நிலையத்தில் உருவாகும் ஆயிரக்கணக்கான நாற்றுகளுள் எது உண்மையான கலப்பினம், எதில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதைச் சொல்ல நுண்ணோக்கியின் முன் அமர்ந்து எண்ணும் ஒருவர் தேவைப்பட்டார். அந்த இடத்திற்குத்தான் ஜானகி அம்மாள் வந்தார்.

அவரது கோயம்புத்தூர்ப் பணியை இரண்டாகப் பிரிக்கலாம். முதலாவது, நாணல் பற்றிய ஆய்வு. பல இடங்களிலிருந்து திரட்டிய நாணல் வகைகளின் குரோமோசோம்களை எண்ணி ஒப்பிட்டார். ஒரே தோற்றமுள்ள இப்புல்லின் எண்ணிக்கை இடத்திற்கு இடம் மாறுவதை இத்தகைய ஆய்வுகள் காட்டின. இன்று நாணலின் எண்ணிக்கை 40 முதல் 128 வரை வேறுபடுவதாக அறியப்பட்டுள்ளது. கரும்பு எந்த நிலப்பகுதிகளில் தோன்றிப் பரவியது என்ற கேள்விக்கு இவ்வேறுபாடுகள் முக்கியமான சான்றுகள். இரண்டாவது, பேரினங்களைத் தாண்டிய கலப்பு. கரும்பை அதன் தொலைதூர உறவினங்களான எரியாந்தஸ், இம்பெராட்டா முதலிய புற்களோடும் மக்காச்சோளத்தோடும் கலந்து ஆராய்ந்தார். கரும்பு–மக்காச்சோளக் கலப்பு பற்றிய அவரது குறிப்பு 1938ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. வேங்கடராமன் உருவாக்கியதாக அறிவித்த கரும்பு–மூங்கில் கலப்பினங்களின் குரோமோசோம் எண்ணிக்கை பற்றியும் அதே ஆண்டில் அதே இதழில் எழுதினார்.

நிலையத்தில் அவரது நாட்கள் எளிதாக இருக்கவில்லை. பெண், தனித்து வாழ்பவர், தாழ்த்தப்பட்டதாகக் கருதப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர் என்ற மூன்றும் அவருக்குத் தடைகளாக இருந்தன என்று அவரைப் பற்றி ஆராய்ந்தவர்கள் எழுதியுள்ளனர்.

'இந்தியக் கரும்பை இனிக்கச் செய்தவர்' என்ற கூற்று

ஜானகி அம்மாளைப் பற்றிய குறிப்புகளில் 'இந்தியக் கரும்பை இனிக்கச் செய்தவர்' என்ற வாசகம் அடிக்கடி காணப்படுகிறது. இது காலவரிசைக்குப் பொருந்தாது. கோ 205 வெளிவந்த 1918ஆம் ஆண்டில் அவர் கல்லூரி மாணவி. அவர் கோயம்புத்தூரில் சேர்ந்த 1934ஆம் ஆண்டுக்குள் நிலையத்தின் பல கலப்பினங்கள் வட இந்திய வயல்களை அடைந்துவிட்டன. அந்தப் பெருமை பார்பருக்கும் வேங்கடராமனுக்கும் அவர்களோடு உழைத்த களப் பணியாளர்களுக்கும் உரியது. மக்காச்சோளம், மூங்கில் கலப்புகளும் வயலில் பயிரிடத்தக்க வகை எதையும் தரவில்லை.

இதனால் அவர் பங்கு சிறுத்துவிடாது. கலப்பினத்தை உருவாக்குவது ஒரு வேலை. அது எப்படி உருவாயிற்று, அதன் முன்னோர் யார், அடுத்த கலப்புக்கு எந்தக் காட்டு வகையை நாடலாம் என்று விளக்குவது மற்றொரு வேலை. ஜானகி அம்மாள் செய்தது இரண்டாவது. அது சந்தையில் விலைபோகும் பொருளாகத் தெரியாது. அதனால்தான் அவரது பணி ஒரே வரியில் அடங்கும் வேறொரு பெருமையாக மாற்றிச் சொல்லப்படுகிறது எனலாம். உரியதல்லாத புகழைச் சூட்டும்போது உரிய புகழ் மறைந்துபோகிறது.

இங்கிலாந்தும் குரோமோசோம் அட்லசும்

1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் எடின்பரோவில் ஏழாவது பன்னாட்டு மரபியல் மாநாடு நடைபெற்றது. அதில் பங்கேற்க ஜானகி அம்மாள் சென்றார். மாநாடு முடிந்த சில நாட்களிலேயே இரண்டாம் உலகப்போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கினார். 1940 முதல் 1945 வரை லண்டனின் ஜான் இன்னெஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் துணை உயிரணுவியலாளராகப் பணியாற்றினார். மரபியலுக்குப் பெயர் சூட்டிய பேட்சன்தான் 1910ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் முதல் இயக்குநர். ஜானகி சேர்ந்தபோது சிரில் டீன் டார்லிங்டன் இயக்குநராக இருந்தார்.

லண்டன் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் டார்லிங்டனும் ஜானகி அம்மாளும் சேர்ந்து ஒரு பெருநூலைத் தொகுத்தனர். 'பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்' என்னும் அந்நூல் 1945ஆம் ஆண்டு வெளிவந்தது. மனிதன் பயிரிடும் ஆயிரக்கணக்கான தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளை, அவை தோன்றிய நிலப்பகுதி, பயன்பாடு ஆகிய விவரங்களோடு ஒரே இடத்தில் தந்தது. பல நாட்டு இதழ்களில் சிதறிக் கிடந்த எண்ணிக்கைகள் அதுவரை ஓர் இனப்பெருக்க வல்லுநருக்கு எளிதில் கிடைத்ததில்லை. எந்தச் செடியை எந்தச் செடியோடு கலக்கலாம் என்று திட்டமிடுவோருக்கு அது அகராதியைப் போன்ற கைநூலாயிற்று.

அந்தக் காலத்தின் நிலையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். அட்லஸ் வெளிவந்தபோது மனிதனின் குரோமோசோம் எண்ணிக்கை 48 என்றே உலகம் நம்பியிருந்தது. அது 46 என்பது 1956ஆம் ஆண்டில்தான் உறுதியாயிற்று.

கால்ச்சிசினும் மக்னோலியாவும்

போருக்குப் பின் ஜானகி அம்மாள் இங்கிலாந்து அரச தோட்டக்கலைக் கழகத்தின் விஸ்லி தோட்டத்தில் உயிரணுவியலாளராகச் சேர்ந்து 1951 வரை இருந்தார். ஊதியம் பெற்று அக்கழகத்தில் அறிவியல் பணி செய்த முதல் பெண் என அவர் குறிப்பிடப்படுகிறார்.

அங்கு அவர் கையாண்ட முக்கியமான பொருள் கால்ச்சிசின். உயிரணு பிரியும்போது இரட்டித்த குரோமோசோம்களை இரு புறமும் இழுத்துப் பிரிப்பவை கதிர்கோல் இழைகள். கால்ச்சிசின் அவ்விழைகள் உருவாவதைத் தடுக்கிறது. குரோமோசோம்கள் இரட்டிக்கும், ஆனால் பிரியாது. எனவே ஒரே உயிரணுவில் இருமடங்கு தங்கிவிடும். இவ்வாறு செயற்கையாகப் பன்மடியம் உண்டாக்கலாம் என்பது 1937ஆம் ஆண்டு தெரியவந்தது. ஐரோப்பாவில் கால்ச்சிகம் என்னும் செடியிலிருந்து இது எடுக்கப்பட்டது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இதே பொருள் உள்ளது. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் தமிழகத்தில் அது பயிரிடப்படுவதும் இந்த நச்சுப்பொருளின் மருத்துவப் பயனுக்காகவே.

ஜானகி அம்மாள் மக்னோலியா நாற்றுகளின் வளர்நுனியில் கால்ச்சிசின் இட்டு நான்மடியச் செடிகளை உருவாக்கினார். அவற்றின் இலைகளும் இதழ்களும் தடித்தும் பெரிதாகவும் இருந்தன. அந்த நாற்றுகள் விஸ்லி தோட்டத்தின் பேட்டில்ஸ்டன் குன்றில் நடப்பட்டன. வெண்ணிறப் பூக்கள் கொண்ட ஒரு மக்னோலியா வகைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

இந்தியா திரும்புதல்

பிரதமர் ஜவாஹர்லால் நேருவின் அழைப்பை ஏற்று ஜானகி அம்மாள் 1951ஆம் ஆண்டு இந்தியா திரும்பினார். 1890ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு நலிந்திருந்த இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. பின்னர் அலகாபாத்தில் மத்திய தாவரவியல் ஆய்வகத்தின் தலைவராக இருந்தார். அதன்பின் ஜம்முவிலுள்ள மண்டல ஆய்வகத்தில் பணியாற்றினார். சிறிது காலம் டிராம்பே அணு ஆய்வு மையத்திலும் இருந்தார்.

இக்காலத்தில் அவர் கவனம் தோட்டங்களிலிருந்து மலைகளுக்கும் காடுகளுக்கும் சென்றது. இமயமலைத் தாவரங்களை ஆராய்ந்து, குளிரும் ஈரமும் மிகுந்த வடகிழக்குப் பகுதியில் பன்மடியத் தாவரங்கள் மிகுதி என்றும், குளிரும் வறட்சியும் கொண்ட வடமேற்கில் குறைவு என்றும் எடுத்துக்காட்டினார். சீன, மலாய்ப் பகுதித் தாவரங்கள் வடகிழக்கில் இந்தியத் தாவரங்களோடு சந்தித்து இயற்கையாகவே கலந்ததால் அப்பகுதியில் வகைகள் பெருகின என்பது அவர் முடிவு. மருந்துச் செடிகளையும் நறுமணப் புற்களையும் ஆராய்ந்தார். பழங்குடி மக்கள் செடிகளைப் பயன்படுத்தும் முறைகளையும் பதிவு செய்தார்.

1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதன் மாற்றியது பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கு நடைபெற்றது. சுற்றுச்சூழல் சிந்தனை வரலாற்றில் அது ஒரு மைல்கல். அதில் அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி அம்மாள் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். இந்தியாவில் மக்கள் தங்கள் தேவைக்கென நடத்தும் தற்சார்பு வேளாண்மை பற்றி அவர் கட்டுரை வழங்கினார்.

அமைதிப் பள்ளத்தாக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரியை ஒட்டி அமைந்த மழைக்காடு அமைதிப் பள்ளத்தாக்கு. அங்கு ஓடும் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்திற்கு 1970களில் கடும் எதிர்ப்பு எழுந்தது. எண்பது வயதை எட்டிய ஜானகி அம்மாள் எதிர்த்தோரின் பக்கம் நின்றார். அணை வந்தால் நீரில் மூழ்கப்போகும் காட்டின் தாவரங்களுக்குக் குரோமோசோம் கணக்கெடுப்பு மேற்கொண்டார்.

இந்தச் செயலை அவரது கோயம்புத்தூர்ப் பணியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வயலில் நிற்கும் கரும்புக்கு உறுதி தந்தது ஆற்றங்கரையில் யாரும் கவனிக்காத நாணல். பயிருக்கு நாளை ஒரு புது நோய் வந்தால் அதைத் தாங்கும் பண்பைத் தேடி வல்லுநர்கள் மீண்டும் காட்டு உறவினங்களிடம்தான் போக வேண்டும். எண்ணப்படாமலே ஒரு காடு நீரில் மூழ்கினால், என்ன இழந்தோம் என்பதுகூடத் தெரியாமல் போகும்.

திட்டம் 1983ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. அமைதிப் பள்ளத்தாக்கு 1984 நவம்பரில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண ஜானகி அம்மாள் இல்லை.

மதுரவாயல் ஆண்டுகளும் மறைவும்

1970ஆம் ஆண்டு ஜானகி அம்மாள் சென்னையில் குடியேறி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் தகைசால் அறிவியலாளராகச் சேர்ந்தார். சென்னையை அடுத்த மதுரவாயலில் இருந்த அம்மையத்தின் கள ஆய்வகமே அவரது இருப்பிடமும் பணியிடமும் ஆயிற்று. அங்கு மருந்துச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். எளிய வாழ்க்கை வாழ்ந்தார். தம்மைப் பற்றி அதிகம் பேசாதவர். இறுதிவரை ஆய்வை விடவில்லை. 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 7 அன்று தமது 86ஆம் வயதில் மதுரவாயலில் காலமானார்.

சிறப்புகளும் நினைவுகளும்

சர் சி. வி. ராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்திற்கு 1935ஆம் ஆண்டிலேயே ஜானகி அம்மாள் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1957ஆம் ஆண்டு இந்திய தேசிய அறிவியல் கழக உறுப்பினரானார். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1956ஆம் ஆண்டு அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999ஆம் ஆண்டு தாவர, விலங்கு வகைப்பாட்டியலுக்கான தேசிய விருதை அவர் பெயரில் ஏற்படுத்தியது. ஜம்மு ஆய்வகத்தின் உலர்தாவரத் தொகுப்பு அவர் பெயரைத் தாங்கியுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கண்டறியப்பட்ட ஒரு பல்லி இனத்திற்கு 2019ஆம் ஆண்டு அவர் பெயர் சூட்டப்பட்டது. கொடைக்கானலில் வாழ்ந்து ரோஜாக் கலப்பினங்களை உருவாக்கிய வீரு வீரராகவன், கிரிஜா வீரராகவன் இணையர் மஞ்சள் நிறச் சாயலுள்ள தங்கள் ரோஜா ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தனர். சாவித்திரி பிரீதா நாயர் ஆங்கிலத்தில் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு 2022ஆம் ஆண்டு வெளிவந்தது.

மறைவுக்குப் பின் நெடுங்காலம் அவர் பெயர் தாவரவியல் வட்டத்திற்கு வெளியே அதிகம் அறியப்படவில்லை. பள்ளிப் பாடங்களில் மெண்டலின் பட்டாணிக்குக் கிடைக்கும் இடத்தில் சிறு பகுதியேனும் கோயம்புத்தூரின் நாணலுக்குக் கிடைத்தால், மரபியல் அயல்நாட்டில் மட்டும் நடந்த கதையன்று என்பது நம் மாணவர்களுக்கு விளங்கும்.